கண்ணை மூடினால் டெட்ரிஸ் கட்டைகள் விழுகின்றன, மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

திருப்பூர் மதி:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். சில மாதங்களாகப் போனில் டெட்ரிஸ், அதாவது மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் கேம், விளையாடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் போகும்போது, சாப்பாட்டு நேரத்தில், ராத்திரி படுக்கையில் என்று கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் அதுதான். துப்பாக்கி கேம், கார் ரேஸ் எல்லாம் எனக்குத் தலைவலி, இது மட்டும் பிடித்துப்போயிற்று.

இப்போது என்ன ஆகிறதென்றால், விளக்கை அணைத்துக் கண்ணை மூடியதும் கட்டைகள் விழ ஆரம்பிக்கின்றன. மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, அதே கலரில், அதே வேகத்தில். நான் நினைத்து வரவழைப்பதில்லை, தானாக வருகிறது. நீளக் கட்டை வந்தால் ஓரத்து இடுக்கில் இறக்கத் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் இப்படியே ஓடும், அப்புறம் தூங்கிவிடுவேன். பகலிலும் விடுவதில்லை. கன்டெய்னரில் அட்டைப்பெட்டி ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கை எழுதுவது என் வேலை. அடுக்கில் எங்கேயாவது ஓர் இடைவெளி தெரிந்தால், "இந்தப் பெட்டியைப் படுக்கப் போட்டால் சரியாக உட்காரும்" என்று மனசு கணக்குப் போடுகிறது, ஏற்றுகிற அண்ணனிடம் சொல்லியும் விடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். மூளை சூடேறிவிட்டது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறார். காலேஜ் படிக்கிற தம்பி, கேம் விளையாடினால் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் கொட்டும், போதை ஊசி போடுவதும் இதுவும் ஒன்றுதான் என்று பயமுறுத்துகிறான். கூட வேலை செய்கிற அக்கா, இல்லை இல்லை, கேம் ஆடினால் மூளை வளரும், ஸ்கேனில் பார்த்திருக்கிறார்களாம் என்கிறார். மூன்று பேரில் யார் சொல்வது சரி? தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

நரம்புக்கூட்டம்:

மதி, முதலில் பயப்படாதீர்கள். உங்களுக்கு நடப்பதற்கு டெட்ரிஸ் எஃபெக்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பல பேருக்கு நடக்கிறது. நான் நரம்பியலில் ஆராய்ச்சி மாணவி, தூக்கமும் நினைவும்தான் என் பகுதி, அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்று ஓர் ஆய்வாளர். வெர்மான்ட்டில் ஒரு மலையில் ஏறி இறங்கிய அன்று ராத்திரி, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், பாறையைக் கையால் பற்றி ஏறுவது போலவே அவருக்கு உணர்வு வந்தது. விழித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாலும் அதே பாறை. இதைச் சோதனைக்கூடத்தில் வரவழைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போக முடியாது என்பதால் டெட்ரிஸை எடுத்துக்கொண்டார்கள். 27 பேர் மூன்று நாளில் மொத்தம் 7 மணி நேரம் ஆடினார்கள். ராத்திரி தூக்கம் தொடங்கும் வேளையில் "இப்போது மனதில் என்ன ஓடுகிறது" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பாதிப் பேருக்கு மேல் உங்களைப் போலவே கட்டை விழுவதைப் பார்த்திருக்கிறார்கள். 2000இல் சயன்ஸ் இதழில் வந்தது.

இதில் என்னை உலுக்கிய பகுதி வேறு. அந்த 27 பேரில் 5 பேர், மூளையில் புது நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் இருக்கும் பகுதி பாதிக்கப்பட்டு, புது நினைவு எதுவும் தங்காமல் வாழ்பவர்கள். ஒவ்வொரு முறையும் விளையாட்டை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நேற்று ஆடியதே நினைவில்லை. அந்த 5 பேரில் 3 பேர், தூக்கம் தொடங்கும்போது ஏதோ வடிவங்கள் விழுவதாகவும் திரும்புவதாகவும் சொன்னார்கள். எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருவர், விளையாட்டு என்னவென்றே ஞாபகம் இல்லாத நிலையிலும், உட்கார்ந்ததும் டெட்ரிஸுக்குத் தேவையான அந்த மூன்று விசைகளின் மேல் விரல்களை வைத்தாராம்.

அப்படியென்றால், "நேற்று சாயந்திரம் பஸ்ஸில் டெட்ரிஸ் ஆடினேன்" என்கிற நினைவு ஒரு கிடங்கில் இருக்கிறது, கட்டையின் வடிவம், அது திரும்பும் விதம், விரலின் அசைவு எல்லாம் மூளையில் வேறு இடங்களில் பதிகின்றன. தூக்கம் தொடங்கும்போது மேலே வருவது இரண்டாவது சரக்கு. நன்றாகப் பழகிய ஆட்டக்காரர்களில் சிலருக்குப் பல வருஷம் முன்னால் ஆடிய பழைய டெட்ரிஸின் படம் வந்தது, அந்த வாரம் ஆடியது வரவில்லை. புதியதை எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பார்க்கும் வேலையை மூளை அந்த நேரத்தில் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது.

அம்மாவின் சூட்டுக் கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1992இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஹையர் குழு, டெட்ரிஸ் ஆடுபவர்களின் மூளை எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் அளந்தது. புதிதாக ஆடும்போது ஒரு தடவை, 4 முதல் 8 வாரம் பழகிய பிறகு ஒரு தடவை. ஸ்கோர் 7 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, ஆனால் மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் குளுக்கோஸ் செலவு குறைந்துபோயிருந்தது. பழகப் பழக எந்த நரம்பு வேண்டாமோ அது ஓய்ந்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆக, சூடு ஏறவில்லை. எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல தூக்கம் வரும்.

பிரிக்கேம் பாபு:

அடடா, டெட்ரிஸ் பற்றி ஒரு கேள்வி! 90களில் பொருட்காட்சிக் கடையில் விற்ற அந்த பிரிக் கேம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான், இப்போதும் தினமும் ஆடுகிறேன். மேலே அந்தத் தங்கை எழுதியது அருமை. நான் விரல் பக்கத்தைச் சொல்கிறேன்.

மதி, அடுத்த தடவை ஆடும்போது உங்கள் கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். கட்டை மேலே தலைகாட்டியதும், எங்கே இறக்கப் போகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்பே ஒன்றிரண்டு தடவை திருப்பியிருப்பீர்கள். தேவையில்லாத திருப்பல் மாதிரித் தெரியும். 1994இல் டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற இருவர் இதைத்தான் நுணுக்கமாக அளந்தார்கள். மனதுக்குள் வடிவத்தைத் திருப்பிப் பார்ப்பதைவிடப் பொத்தானை அழுத்தித் திரையிலேயே திருப்பிப் பார்ப்பது பல மடங்கு வேகம். அதனால் மூளை தன் வேலையில் ஒரு பங்கை விரலிடம் கொடுத்துவிடுகிறது. யோசிப்பது மண்டைக்குள் மட்டும் நடக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இந்த விளையாட்டில் கட்டைவிரலும் சேர்ந்து யோசிக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் அந்த அக்கா சொன்ன "மூளை வளரும்". ஸ்கேன் எடுத்தது உண்மைதான். 2009இல் ஹையரே டீன் ஏஜ் பெண்களை மூன்று மாதம் டெட்ரிஸ் ஆடவைத்துப் பார்த்தார், மூளையின் மேலடுக்கு சில இடங்களில் தடித்திருந்தது. 2014இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பெரியவர்களைத் தினம் அரை மணி வீதம் இரண்டு மாதம் சூப்பர் மாரியோ 64 ஆடவைத்தார்கள், வலப்பக்க ஹிப்போகேம்பஸ், முன்மூளையில் ஒரு பகுதி, சிறுமூளை ஆகியவற்றில் கொஞ்சம் வளர்ச்சி தெரிந்தது. மாரியோ 64இல் கோட்டை, மலை, குகை என்று வழி கண்டுபிடித்து ஓட வேண்டும், வழி கண்டுபிடிப்பது ஹிப்போகேம்பஸின் இன்னொரு வேலை. பொருந்துகிறதா?

ஆனால் வளர்ந்தால் எல்லாவற்றிலும் புத்திசாலி ஆகிவிடுவோமா என்றால், இல்லை. 2002இல் சிம்ஸ், மேயர் என்ற இருவர் செய்த சோதனையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். டெட்ரிஸில் கைதேர்ந்தவர்களுக்கு வடிவங்களை மனதுக்குள் திருப்பும் பரீட்சை வைத்தார்கள். டெட்ரிஸ் கட்டை மாதிரி வடிவம் கொடுத்தால் மற்றவர்களை முந்தினார்கள். வேறு வகைப் பரீட்சை கொடுத்தால் மற்றவர்களைப் போலத்தான். எதைப் பழக்குகிறோமோ அதுதான் வரும். உங்கள் கன்டெய்னர் விஷயத்தில் பெட்டியும் சதுரம், கட்டையும் சதுரம், அதனால் கைகொடுக்கிறது. அது சும்மா தோன்றும் பிரமை இல்லை, உண்மையிலேயே உங்கள் கண் பழகியிருக்கிறது, அந்த அண்ணனிடம் தொடர்ந்து சொல்லுங்கள்.

திருப்பூர் மதி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த நினைவு தங்காதவர்கள் பற்றிப் படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாபு அண்ணா, விரலைக் கவனித்தேன், நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. தம்பியிடம் படித்துக் காட்டினேன், "டோபமைன் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை பார்" என்கிறான். அதையும் சொல்லிவிடுங்கள்.

நரம்புக்கூட்டம்:

சொல்கிறேன். தம்பி ஆகாயத்திலிருந்து பேசவில்லை, அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. 1998இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 8 ஆண்களை, பீரங்கி வண்டி ஓட்டும் ஒரு கேம் ஆடவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். லெவல் தாண்டினால் பணம். மூளையின் அடியாழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமைன் வெளிப்பட்டது தெரிந்தது, அதிக லெவல் போனவர்களுக்கு அதிகம். நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையிலேயே ஆம்ஃபெட்டமைன் என்ற போதை மருந்தின் ஊசியோடு ஓர் ஒப்பீடும் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு "கேமும் போதையும் ஒன்று" என்று பேசுகிறார்கள். 8 பேர், அதுவும் பணம் வைத்து ஆடியவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம், டோபமைன் என்பது சந்தோஷத்தின் அளவுகோல் இல்லை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த சோதனைகளைத் தம்பி தேடிப் படிக்கட்டும். குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கொடுத்தால் டோபமைன் நரம்புகள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால், விளக்கு எரியும்போது துடிக்கும், சாறு வரும்போது துடிக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கிவிடும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது மூளைக்குச் சொல்கிறது, மூளை அதை வைத்துக் கற்றுக்கொள்கிறது. சைக்கிள் பழகும்போதும் இதுதான் வேலை செய்கிறது. போதை மருந்து இந்த ஏற்பாட்டையே குறுக்கே புகுந்து கெடுக்கிறது, நாம் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ரசாயனமே டோபமைனைத் தள்ளிவிடும், எவ்வளவு எதிர்பார்த்தாலும் துடிப்பு அடங்காது. டெட்ரிஸ் அப்படிச் செய்ய முடியாது.

ஆனால் "அப்போ எந்த கேமும் ஆபத்தில்லை" என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிர்பாராத பரிசை மூளை எப்படித் துரத்தும் என்பது கேம் தயாரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும் என்று பிள்ளைகளுக்கு விற்கிறார்களே, லூட் பாக்ஸ், அது சூதாட்டத்தின் அதே அமைப்பு. பெல்ஜியத்தில் 2018இலேயே சிலவற்றைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தார்கள். கோபப்பட வேண்டுமானால் அங்கே கோபப்பட வேண்டும்.

பிரிக்கேம் பாபு:

இதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. பழைய டெட்ரிஸில் நீளக் கட்டை எப்போது வருமென்று சொல்லவே முடியாது, சில சமயம் வரவே வராது, வயிறு எரியும். இப்போதைய அதிகாரபூர்வ டெட்ரிஸில் 7 வகைக் கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகே அடுத்த பை. அதனால் இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவில் அதிகபட்சம் 12 கட்டைதான் வர முடியும். வரப்போவது நிச்சயம், எப்போது என்பது மட்டும் தெரியாது. நேர்மையான ஏற்பாடு.

சேலத்து அப்பா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். டெட்ரிஸ் ஆடினால் நான் கவலைப்பட மாட்டேன், அவன் ஆடுவது துப்பாக்கி கேம், நண்பர்களோடு குழுவாக. பள்ளி விட்டு வந்ததும் ஆரம்பித்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ மாட்டான். ராத்திரி போர்வைக்குள் ஆடுகிறான் என்று அவன் அம்மா கண்டுபிடித்தாள். கணக்கில் மார்க் குறைந்திருக்கிறது. போனைப் பிடுங்கினால் வீடே ரணகளம். அவன் மூளை கெட்டுவிடுமா? வன்முறை எண்ணம் வருமா? தெரிந்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேட்கும் காது:

ஐயா, நான் பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர். உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது துப்பாக்கி இல்லை, போர்வை. அதற்கு வருகிறேன்.

வன்முறை பற்றி: 2019இல் ஆக்ஸ்போர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் பிரிட்டனில் 14, 15 வயதுள்ள 1004 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஆடும் கேம் எவ்வளவு வன்முறையானது என்பதை அதிகாரபூர்வ வயதுச் சான்றை வைத்தும், பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பெற்றோரிடமும் கேட்டு ஒப்பிட்டார்கள். தொடர்பு தெரியவில்லை. எதைப் பார்க்கப் போகிறோம், எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுச் செய்த ஆய்வு, அதனால் இதை நான் நம்புகிறேன்.

மூளை பற்றி: 2003இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீனும் டாப்னே பவேலியேவும் ஒரு சோதனை செய்தார்கள். கேம் ஆடாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைத் தினம் ஒரு மணி நேரம் 10 நாள் துப்பாக்கி கேம் ஆடவைத்தார்கள், இன்னொரு கூட்டத்தை டெட்ரிஸ். ஓரக்கண்ணில் தெரிவதைப் பிடிப்பது, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிப்பது ஆகியவற்றில் துப்பாக்கி கேம் கூட்டம் தேறியது, டெட்ரிஸ் கூட்டம் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆக, உங்கள் பையனின் கண் கூர்மையாகத்தான் ஆகிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கவனம் வேறு, கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும் கவனம் வேறு. ஒன்று வளர்ந்தால் இன்னொன்றும் கூடவே வளரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாபு சார் மேலே சொன்ன அதே கதைதான்.

2017இல் மான்ட்ரியாலில் ஓர் ஆய்வு வந்தது, அதையும் சொல்கிறேன். 90 மணி நேரம் துப்பாக்கி கேம் ஆடிய பிறகு சிலருக்கு ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் சுருங்கியது, சிலருக்கு வளர்ந்தது. சுருங்கியவர்கள், இடத்தின் அமைப்பைப் பார்க்காமல் "இங்கே வலது, அங்கே இடது" என்று பழக்கத்தில் போகிறவர்கள். வளர்ந்தவர்கள், அடையாளங்களை வைத்து மனதில் வரைபடம் போட்டுக்கொள்கிறவர்கள். ஒரே கேம், இரண்டு விளைவு. இது சின்ன ஆய்வு, பையனின் மூளை சுருங்குகிறது என்று இதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எப்படி ஆடுகிறான் என்பதும் கணக்கில் வருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்வை. பதினான்கு வயதில் தூக்கம் போனால் அடுத்த நாள் படித்தது தங்காது, எரிச்சல் வரும், அடக்கிக்கொள்ளும் திறன் குறையும். கணக்கு மார்க் எங்கே போயிற்று என்று நான் தேடினால் முதலில் ராத்திரியில்தான் தேடுவேன். உங்கள் வீட்டில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால், ராத்திரி போன் எல்லோருடையதும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும் என்பேன், உங்களுடையதும் சேர்த்து. நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். குழு ஆட்டத்தில் ஒருவன் திடீரென்று காணாமல் போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள், நாளைக்குப் பள்ளியில் அவனுக்கு அவமானம், அந்த ரணகளத்தில் பாதி அதனால்தான். "இந்த மேட்சோடு முடி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் அவன் ஆடுவதைப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று கேளுங்கள். பிள்ளைகள் அப்படிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன், கண் மலர்ந்துவிடும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் நடைமுறை. நிறுத்த முயன்றும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது மேலே போய்விடுவது, வாழ்க்கை சிதைகிறதென்று தெரிந்தும் தொடர்வது, பொதுவாக இதெல்லாம் ஒரு வருஷம் போல நீடிப்பது. நிறைய நேரம் ஆடுகிறான் என்பது மட்டும் அந்த வரையறைக்குள் வராது. பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறான், நண்பர்களை விட்டுவிட்டான், சாப்பாடும் குளியலும் போயிற்று என்றால் தயங்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு பிரிவு நடக்கிறது. சில சமயம் உள்ளே வேறு துக்கம் இருக்கும், பள்ளியில் யாராவது அடிப்பார்கள், கேலி செய்வார்கள், கேம் அவன் ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் போனை மட்டும் பிடுங்கினால் ஒளிய இடமும் இல்லாமல் போய்விடும் ஐயா.

ராத்திரி டியூட்டி:

இவ்வளவு நாள் இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன், பைபாஸ் ரோடு எங்கள் பகுதி. பார்த்த சில விபத்துகள் படம் மாதிரி திரும்பத் திரும்ப வரும், சாப்பிடும்போது வரும், பிள்ளையைத் தூக்கும்போது வரும். டெட்ரிஸ் ஆடினால் அந்தப் படம் குறையும் என்று எங்கேயோ பார்த்தேன். மதி சகோதரிக்குக் கட்டை வந்து நிற்கிறதே, அந்த இடத்தில் எனக்கும் கட்டை வந்தால் போதும் என்று தோன்றியது. நிஜமா அது?

நரம்புக்கூட்டம்:

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நிஜம்தான், ஆனால் எப்படி என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரின் வேலை இது. அப்படிப்பட்ட நினைவுகள் சொல்லாக வருவதில்லை, படமாக வருகின்றன. மூளையில் படங்களை வைத்துக் கையாளும் இடம் ரொம்பச் சின்னது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு அங்கே இடம் போதாது. வடிவங்களைத் திருப்பிப் பொருத்தும் டெட்ரிஸ் அந்த இடத்தையே பிடித்துக்கொள்கிறது. 2009இல் கொடூரமான காட்சிகள் உள்ள படத்தைக் காட்டி, அரை மணி கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள், அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திடீரென்று வந்து போவது குறைந்தது. பிறகு ஆக்ஸ்போர்டில் சாலை விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம், விபத்து நடந்து 6 மணி நேரத்துக்குள் செய்துபார்த்தார்கள். டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் அந்தப் படங்கள் 62 சதவீதம் குறைவு. கோவிட் நேரத்தில் ஐ.சி.யூ.வில் வேலை செய்து, உங்களைப் போலப் பார்க்கக்கூடாததைப் பார்த்த ஊழியர்களிடமும் பழைய நினைவுகளுக்கு இதே முறையைச் சோதித்தார்கள், அவர்களுக்கும் நன்றாகக் குறைந்தது. அதை நடத்தியது பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலில்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சும்மா கேம் ஆடினால் மட்டும் போதாது. எந்தக் காட்சி தொந்தரவு செய்கிறதோ அதை ஒரு நொடி மனதில் கொண்டுவந்து, விவரமாகத் திரும்ப வாழாமல், உடனே ஆட்டத்துக்குள் போக வேண்டும், சுமார் 20 நிமிடம். ஆடும்போது அடுத்து வரும் கட்டையையும் பார்த்து, அதை மனதுக்குள்ளேயே திருப்பி இடம் முடிவு செய்ய வேண்டும். பாபு அண்ணா சொன்ன விரல் குறுக்குவழியை இங்கே விட்டுவிட வேண்டும், படத்துக்கான இடத்தை முழுக்க அடைப்பதுதான் நோக்கம். இன்னொன்று, கேள்வி பதில் மாதிரி சொல் விளையாட்டு உதவவில்லை, ஒரு சோதனையில் அது நிலைமையைக் கொஞ்சம் மோசமாக்கியது. அதனால் கேம் என்றாலே சரி என்று எதையாவது எடுத்துவிடாதீர்கள்.

நடந்தது என்ன என்பது உங்களுக்கு மறக்காது, கேட்டால் சொல்ல முடியும். கேட்காமல் வந்து நிற்பது மட்டும் குறையும். ஆனால் பிள்ளையைத் தூக்கும்போது வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தனியாகப் போனை வைத்துச் சரிசெய்து பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி டியூட்டி முடிந்து எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். கூப்பிடும்போது இந்த முறையைப் பற்றியும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதினால் நான் படிப்பேன், தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.